வட்டப்பாறை: நம் ஊரின் சத்திய சபை

மூவர் பாடிய தலம், இரட்டைப் புலவர்களின் கலம்பகம் பெற்ற தலம், வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 1898இல் சமாதியடைந்த ஊர் என்று திருவாமாத்தூருக்குப் பெருமைகள் பல. அபிராமேசுவரர் கோயிலின் வட்டப்பாறை முன் சத்தியம் செய்து ஊரார் வழக்குத் தீர்த்த வரலாறும் அவற்றோடு சேர வேண்டும்.

அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு. பணத்தைக் கைத்தடிக்குள் ஒளித்த அண்ணன், தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "என்னிடம் எதுவும் இல்லை" என்று பாறை முன் சத்தியம் செய்தானாம். பிறகு தடியை வாங்கிக்கொண்டு நடந்தவனைத் தும்பூர் அருகே நாகம் தீண்டியது என்பார்கள். வாய் சொன்னது மெய், நெஞ்சில் இருந்தது பொய். அந்தத் தந்திரமும் இங்கே செல்லாது என்பதால்தான் இந்தக் கதை இன்றுவரை நிற்கிறது.

இப்படிச் சத்தியத்தை நம்பிய மக்கள் கச்சேரியையும் போலீசையும் நம்பத் தயங்கினார்கள். அதற்குக் காரணம் உண்டு. வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சென்னை மாகாணத்தில் ஆட்கள் சித்திரவதை செய்யப்பட்டதை அரசு அமைத்த விசாரணைக் குழுவே 1855இல் உறுதி செய்தது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அதைக் கொடுத்தவருக்கு எதிராகச் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டு வந்த சத்தியப் பிரமாணச் சட்டம் ஊர் வழக்கத்துக்கும் இடம் தந்தது. எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, எதிராளியும் அப்படியே செய்துவிட்டால், அந்த விஷயத்தில் அதுவே முடிந்த சாட்சியம். 1969இல் புதிய சட்டம் வந்தபோது இந்த ஏற்பாடு போயிற்று.

போலீசிடம் வாய் திறக்காதே என்ற எண்ணம் இன்றும் உண்டு. அடிபட்ட மக்களின் அச்சம் அது. இருளர்கள்மேல் போடப்படும் பொய் வழக்குகளை எதிர்த்துத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போராட வேண்டியிருக்கிறதே! ஆனால் வாயை மூடிக்கொள்வதால் ஏமாந்தவனுக்கு நியாயம் கிடைக்காது. பயமில்லாமல் உண்மையைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். வட்டப்பாறை அந்த இடத்தைத் தந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இங்கே சத்தியம் செய்த வழக்கு ஏதேனும் இருந்தால், அது எப்படித் தீர்ந்தது என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். அடுத்த மலரில் அது இடம்பெறட்டும்.