கனவுக்கன்னியின் கணக்கு: டி.ஆர். ராஜகுமாரியை முன்வைத்து

டி.ஆர். ராஜகுமாரியைப் பற்றி என் பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னாள்: ‘அவளா? அவ தாசி வேஷம் கட்டுறவடா. ஆனா என்னா அழகுங்கறே!’ அவ்வளவுதான். பிறகு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு ‘ஆனா’ இருக்கிறது. இகழ்ச்சியையும் வியப்பையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கட்டுகிற ‘ஆனா’. தமிழ்ச் சமூகம் தன் நடிகைகளைப் பார்த்த பார்வை முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடப்பதாக எனக்குப் படுகிறது. இக்கட்டுரை அந்த ‘ஆனா’வைப் பற்றியது.

தமிழ் சினிமா வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நினைவுக் குறிப்புகள். அவற்றில் ராஜகுமாரிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் ‘தமிழ்த் திரையின் முதல் கனவுக்கன்னி’. யாருடைய கனவு, எந்தக் கன்னி என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் கொடுத்தவன் பார்வையாளன். பட்டம் வாங்கியவள் பார்க்கப்படுபவள். அவள் எதைப் பார்த்தாள், எதைச் சம்பாதித்தாள், எதைக் கட்டினாள் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டத்துக்குள் இடமில்லை.

1922இல் தஞ்சாவூரில் ராஜாயியாகப் பிறந்தவர் அவர். பாட்டி குஜலாம்பாள் பாடகி. குடும்பத்திலிருந்து ஏற்கனவே எஸ்.பி.எல். தனலட்சுமி சினிமாவுக்கு வந்துவிட்டிருந்தார். பாட்டும் ஆட்டமும் பெண்கள் வழியாகவே கைமாறி வந்த இசை வேளாளர் குடும்பங்களில் ஒன்று. ‘குமார குலோத்துங்கன்’ (1939) அவரது முதல் படம். கே. சுப்ரமண்யம் எடுத்த ‘கச்ச தேவயானி’ (1941) அவரை நட்சத்திரமாக்கியது. இந்தத் தேதிகளைத் தனியே வைத்துப் படித்தால் இது ஒரு நடிகையின் முன்னேற்றக் கதை. இன்னொரு வரிசைத் தேதிகளோடு சேர்த்துப் படித்தால் கதை மாறுகிறது.

1927இல் சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டு வருகிறார். 1929இல் வந்த சட்டத்திருத்தம் தாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் சேவையிலிருந்து பிரித்துவிடுகிறது. 1936இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் நாவல் ‘தாசிகளின் மோசவலை’ வெளிவருகிறது. அதே ஆண்டு ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா தொடங்குகிறது. 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறுகிறது. அந்தச் சட்டம் பொட்டுக்கட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே சட்டவிரோதமாக்கியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொட்டுக்கட்டும் முறையை எந்த அழகியலின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. சின்னஞ்சிறு பெண் குழந்தைகளின் வாழ்க்கையை ஊர்ப் பெரிய மனிதர்களின் வசதிக்காக முன்கூட்டியே எழுதிவைத்த முறை அது. ராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்து அதை எதிர்த்தார். அதேசமயம் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் போடுவதா என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இருவரில் ஒருவரை முற்போக்கு என்றும் மற்றவரைப் பிற்போக்கு என்றும் பெயர் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். சீர்திருத்தம் ஒரு கொடுமையை ஒழித்தது; கூடவே ஒரு தொழிலையும் பறித்தது. ஆண்களின் நாயனமும் தவிலும் கோயிலில் தொடர்ந்து ஒலித்தன. பெண்களின் சலங்கை மட்டும் வெளியேறியது. ஆட்டம் ‘பரதநாட்டியம்’ என்று தூய்மைப்படுத்தப்பட்டு மேல்சாதி வீட்டுப் பெண்களின் அரங்கேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

சிலர் திருமணத்துக்குள் போனார்கள். சிலர் கச்சேரி மேடைக்கு. சிலர் நாடகக் கொட்டகைக்கும் இசைத்தட்டுக்கும். பலர் சினிமாவுக்கு. கோயிலும் ஜமீனும் கைவிட்ட உடலை ஸ்டூடியோ கூலிக்கு எடுத்துக்கொண்டது. அது விடுதலையா, புதிய சுரண்டலா என்று ஒற்றை விடை சொல்ல முடியாது. ஆனால் கைக்கு வந்தது ரொக்கம். ஒரு பெரிய மனிதரின் மனசு வைத்துக் கிடைக்கிற மானியத்துக்கும் ஒப்பந்தம் போட்டு வாங்குகிற ரொக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு.

சினிமா அவர்களை எப்படி வைத்துக்கொண்டது என்பதுதான் அடுத்த விஷயம். ‘சிவகவி’யில் (1943) ராஜகுமாரிக்கு நாட்டியக்காரி வேஷம். ‘ஹரிதாஸ்’ (1944) படத்தில் ரம்பா என்ற தாசி. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் அது. சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கினார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை தாசி மயக்கத்தில் சொத்தை இழக்கிறான், பெற்றோரைத் துரத்துகிறான், தண்டனை பெறுகிறான், திருந்துகிறான். கதையின் நீதி தாசிக்கு எதிரானது. ஆனால் கூட்டம் எதற்காகத் திரும்பத் திரும்ப வந்தது? பாகவதரின் பாட்டுக்காக. அந்தப் பாட்டை வாங்கித் தன் பார்வையாலும் சிரிப்பாலும் பதில் சொன்ன ரம்பாவுக்காகவும்தான். படம் தன் நீதியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டது, தன் இன்பத்தை இன்னொரு பக்கம். டிக்கெட் வாங்கியவனுக்கு இரண்டும் கிடைத்தன. ராஜகுமாரியை ரசித்துவிட்டு ரம்பாவைச் சபித்தபடி வீட்டுக்குப் போகலாம். என் பாட்டியின் ‘ஆனா’ பிறந்த இடம் இதுதான்.

தாசியின் தொழிலைச் சட்டம் போட்டு ஒழித்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், தாசிப் பாத்திரம் தமிழ்த் திரையின் தவிர்க்க முடியாத தேவையாகியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கதாநாயகி ‘குடும்பப் பெண்’ ஆவதற்கு எதிரே ஒரு தாசி நின்றாக வேண்டும். கற்பு என்ற கற்பிதம் தனியாக நிற்காது; முட்டுக்கொடுக்க ஒரு ‘மோசக்காரி’ வேண்டும். அந்த வேஷத்தை எந்தச் சமூகத்துப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள் என்பது தற்செயல் இல்லை.

‘சந்திரலேகா’ (1948) இந்தச் சட்டகத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்த படம். கோயிலில் ஆட்டம் சட்டவிரோதமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களை ராட்சச முரசுகளின் மேல் ஏற்றி ஆடவிட்டது. சசாங்கனை மணக்கச் சம்மதிப்பதுபோல் நடித்து அந்த முரசு நடனத்துக்கு ஏற்பாடு செய்பவள் சந்திரலேகா. ஆட்டம் முடிந்ததும் முரசுகள் பிளந்து உள்ளேயிருந்து வீரர்கள் குதிக்கிறார்கள். ‘ஹரிதா’ஸில் ஆணைக் கெடுத்த ஆட்டம் இங்கே கொடுங்கோலனைக் கவிழ்க்கிறது. ஆடுகிற பெண் சூழ்ச்சிக்காரி என்ற பழைய வசை இங்கே போர்த் தந்திரமாகத் தலைகீழாகிவிடுகிறது. ஆனாலும் கடைசியில் அவள் நல்ல இளவரசனுக்கு மனைவியாகத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. பிரம்மாண்டம், பிரம்மாண்டம் என்று எழுபத்தைந்து வருஷமாக வாசனையே பாராட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த முரசின் மேல் நின்ற உடலுக்கு ஒரு வரலாறு இருந்தது என்று யோசித்திருக்கிறோமா?

திராவிட இயக்கப் படங்களாவது இதை மாற்றின என்று தோழர்கள் சொல்லக்கூடும். ‘மனோகரா’வை (1954) பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். திரைக்கதை வசனம் மு. கருணாநிதி, அவரும் இசை வேளாளர் சமூகத்தில் பிறந்தவர். பத்தினித் தாயாகக் கண்ணாம்பா. அரசனை மயக்கி ஆட்சியைப் பிடிக்கிற வசந்தசேனையாக ராஜகுமாரி. வசந்தசேனையின்மீது பொழிகிற வசனங்களைக் கேட்டுக் கொட்டகை கைதட்டியது. புராணத்தையும் புரோகிதத்தையும் கேள்வி கேட்ட இயக்கம் கற்பைக் கேள்வி கேட்கவில்லை. கண்ணகியைக் கையிலெடுத்தபோது மாதவியை எங்கோ தவறவிட்டது. இன்னொன்றும் உண்டு. அப்போது ராஜகுமாரிக்கு வயது முப்பத்திரண்டு. காக்கா ராதாகிருஷ்ணனுக்குத் தாயாக வருகிறார். அவரோடு முன்பு ஜோடி சேர்ந்த ஆண்கள் எவரையும் முப்பத்திரண்டு வயதில் தமிழ் சினிமா தகப்பனாக்கியிருக்காது. 1959இல் ‘தங்கப்பதுமை’யிலும் அதே கணக்குத்தான்: பத்தினியாகப் பத்மினி, தாசியாக ராஜகுமாரி.

திரைக்குள் இப்படி. திரைக்கு வெளியே என்ன நடந்தது? நினைவுக் குறிப்புகள் ஒரு வரியில் தாண்டிப்போகிற பகுதி இது. ஒலிப்பதிவாளராகத் தொழில் பழகியிருந்த தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ராஜகுமாரி ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘வாழப்பிறந்தவள்’ (1953) வந்தது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) இந்த நிறுவனத்தின் படம். ‘குலேபகாவலி’ (1955) என்று வரிசை நீண்டது. அறுபதுகளில் ‘பெரிய இடத்துப் பெண்’, ‘பணம் படைத்தவன்’, ‘பறக்கும் பாவை’. சென்னை பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். நடிகையின் படத்தைச் சுவரொட்டியில் ஒட்டிய நகரத்தில், ஒரு நடிகையின் பெயர் கட்டடத்தின் நெற்றியில் நின்றது.

‘எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரையும் சேர்த்து வைத்த ராமண்ணா’ என்றுதான் எழுதுகிறார்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் அக்காவின் பத்துப் பதினைந்து வருஷத்து உழைப்பும் பெயரும் நின்றன என்று எழுதுவதில்லை. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியின் குடும்பத்தோடும் உறவுகளோடும் வாழ்ந்தார். இதை எழுதுகிறவர்கள் ‘தியாகம்’ என்கிறார்கள். தியாகம் என்ற சொல் பெண்ணின் நிர்வாகத் திறனை மறைக்க நாம் போடுகிற சந்தனக்காப்பு. சம்பாதிக்கும் பெண்ணை மையமாக வைத்து, அண்ணன் தம்பிகள், சித்திகள், அடுத்த தலைமுறைப் பெண்கள் என்று சுற்றிலும் விரிகிற குடும்பம் தஞ்சாவூரின் அந்தத் தெருக்களுக்குப் புதியதல்ல. கோயிலும் மானியமும் போன பிறகு, அதே குடும்ப அமைப்பு ஒரு சினிமா கம்பெனியாக மறுபிறவி எடுத்தது என்று நான் வாசிக்கிறேன். சட்டம் கலைக்க நினைத்த வீட்டை ராஜகுமாரி கணக்குப் புத்தகத்தின் மேல் மறுபடி கட்டினார்.

இதை வெற்றிக் கதையாக்கி முடிக்கவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எல்லோருக்கும் தியேட்டர் வாய்க்கவில்லை. அவரைப் போலவே தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ரயிலேறிவந்து கூட்டத்தில் ஆடிவிட்டுப் பெயர் தெரியாமல் போன பெண்கள் எத்தனையோ பேர். முரசு நடனத்தில் அவர்கள்தான் ஆடினார்கள். நம் சினிமா ஆய்வுகள் அவர்களிடம் போகவேயில்லை. நட்சத்திர அரசியலையும் கட்சி அரசியலையும் எழுதியே பக்கங்களை நிரப்பிவிட்டோம். பெண்ணுழைப்பு பற்றிப் பேசுகிற தோழர்களும் வயலையும் ஆலையையும் தாண்டி ஸ்டூடியோ வாசலுக்கு வரத் தயங்கினார்கள். அரிதாரம் பூசிய உழைப்பு உழைப்பாகத் தெரியவில்லை போலும்.

‘வானம்பாடி’ (1963) படத்தோடு ராஜகுமாரி நடிப்பை முடித்துக்கொண்டார். 1999 செப்டம்பரில் இறந்தார். பாண்டி பஜாரில் இன்று அந்தத் தியேட்டர் இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், இடம் எதுவாக இருந்திருக்கும் என்று நின்று பார்ப்பேன். கடைகள், கூட்டம், பேரம். பாட்டி இப்போது இருந்தால் அவளிடம் மறுபடி கேட்பேன். ‘அவ தாசி வேஷம் கட்டுறவடா. ஆனா...’ என்று அவள் தொடங்கும்போது இந்த முறை நான் குறுக்கிடுவேன். ‘ஆனா கொட்டகை கட்டுனா பாட்டி’ என்று.