சாவு வீட்டுத் துணிகள்

செத்துப்போனவரின் பொருட்களை என்ன செய்வது என்ற கேள்வியை நாம் மனசு சம்பந்தப்பட்ட கேள்வியாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். அவரவர் துக்கத்துக்கு ஏற்ப ஒருவர் வைத்துக்கொள்கிறார், இன்னொருவர் கழித்துவிடுகிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. யாருக்கு ஒரு அறை இருந்தது, அந்த அறையைத் துடைத்துப் பெருக்கியது யார், கழித்த துணி யார் கைக்குப் போனது என்று கேட்டுப் பார்த்தால், துக்கம் என்பது அதிகாரத்துக்கு வெளியே நடக்கிற காரியம் அல்ல என்பது தெரியவரும்.

பண்டிகைச் சமயத்தில் விழுகிற சாவு இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். பண்டிகை என்பதே பொருட்களின் காலம்தான். பழசைக் கழிப்பது, புதுசு எடுப்பது, யாருக்கு என்ன என்று கணக்குப் போடுவது. தையற்கடையில் அளவு கொடுத்த சட்டை வீட்டுக்கு வந்து சேரும்போது அதைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லையென்றால் அந்தச் சட்டை என்னவாகும்? இரண்டு டிசம்பர்களை முன்வைத்து இதைப் பேசலாம். ஒன்று 1861, இங்கிலாந்தின் அரண்மனை. இன்னொன்று 2004, நாகப்பட்டினத்துக் கடற்கரை. இரண்டுக்கும் இடையில் நம் வீட்டுச் சடங்குகளையும் பார்த்தாக வேண்டும்.

1

1861 டிசம்பர் 14 இரவு வின்ட்சர் கோட்டையின் நீல அறையில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். வயது 42. கிறிஸ்துமஸுக்குப் பதினோரு நாள் இருந்தது. ராணியும் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கிற சித்திரத்தை 1848இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வெளியிட்டது. கிறிஸ்துமஸ் மரம் ஆங்கில நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் பரவியதில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பண்டிகையைக் குடும்பத்தின் கொண்டாட்டமாகக் காட்டிய அந்தப் படத்தில் நின்ற அப்பா, பண்டிகைக்கு முன்பே போய்விட்டார். அதன்பிறகு வின்ட்சரில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதை விட்டுவிட்டு ராணி ஆஸ்பர்ன் மாளிகைக்குப் போகத் தொடங்கினார்.

அறையை அப்படியே வைத்திருக்க உத்தரவானது. மாறிவிடக் கூடாதென்று புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நாள்தோறும் வெந்நீர் வந்தது. துண்டும் விரிப்பும் மாற்றப்பட்டன. உடுப்பு எடுத்து வைக்கப்பட்டது. ராணி நாற்பது வருஷம் கறுப்பு உடுத்தினார். 1901இல் அவர் இறந்தபோது, எழுதி வைத்திருந்தபடி, ஆல்பர்ட்டின் அங்கியையும் அவர் கையின் சாந்து வார்ப்பையும் சவப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

இதைக் கிறுக்கு என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். அந்த அம்மாளின் துக்கம் பொய்யில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தது யார்? யாரும் குளிக்காத வெந்நீர், யாரும் படுக்காத விரிப்பு. நாற்பது வருஷம் வேலைக்காரர்களின் உழைப்பு ஒருவரின் நினைவைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வெளியிலும் இந்தத் துக்கத்துக்கு ஒரு சந்தை இருந்தது. கோர்ட்டால்ட் ஆலைகள் துக்கத்துக்கான கறுப்புத் துணி நெய்து பணம் குவித்தன. விட்பி நகரத்துக் கைவினைஞர்கள் ஜெட் என்ற கறுங்கல்லில் துக்க நகை செய்தார்கள். பொருளை வைத்துக்கொண்டு துக்கம் காப்பதற்கு அறை வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். ஒற்றை அறைக்குள் ஏழெட்டுப் பேர் புழங்கிய லண்டன் தொழிலாளி வீட்டில் செத்தவரின் கட்டிலில் அன்றைக்கு ராத்திரியே இன்னொருவர் படுத்தாக வேண்டும். துக்கம் குறைவு என்பதாலா?

2

1917இல் ஃபிராய்ட் துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், துக்கத்தை ஒரு வேலையாகப் பார்த்தார். இறந்தவரோடு நம்மைக் கட்டிப்போட்டிருக்கிற ஒவ்வொரு நினைவையும் எடுத்து, தொட்டு, மெல்ல மெல்ல அவிழ்க்கிற வேலை. அது முடியும்போது மனசு விடுதலையாகிறது என்றார். ஆனால் 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்துபோனார். 1930களில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த அமெரிக்கக் கவிஞர் ஹெச்.டி., தன் கடிகாரச் சங்கிலியில் கோத்த சிறு பேழையைக் காட்டி மகள் இங்கே இருக்கிறாள் என்று ஃபிராய்ட் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். அவிழ்ப்பதைப் பற்றிக் கோட்பாடு எழுதியவர் அவிழ்க்காமல் ஒரு பொருளைக் கூடவே வைத்திருந்தார். கோட்பாடு தோற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. எந்தப் பொருளை எவ்வளவு நாள் வைத்துக்கொள்வது என்பதற்குச் சூத்திரம் கிடையாது என்றுதான் அர்த்தம்.

ஃபிராய்ட் சொன்ன வேலை மனசுக்குள் நடப்பது. பெட்டியைத் திறந்து துணியை மடிக்கிற வேலை மனசுக்கு வெளியே, கைகளால் நடப்பது. அதை நம் ஊரில் யார் செய்தார்கள்?

3

'செத்தவங்க சாமானை வச்சிருந்தா ஆவி சுத்தும்' என்பார்கள் நம் கிராமங்களில். படுத்திருந்த பாய், தலையணை, கடைசியாக உடுத்திய துணி எல்லாம் வீட்டை விட்டுப் போய்விடும். எங்கே போகும்? சுடுகாட்டுப் பாதை ஓரத்துக்கு. இல்லையென்றால் வண்ணாருக்கு, வெட்டியானுக்கு. உறவின் நினைவு படிந்த துணியாக வீட்டுக்குள் இருந்தது, வாசலைத் தாண்டியதும் தீட்டாகிவிடுகிறது. தீட்டு எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்கு விதித்த உடை எது தெரியுமா? பிணத்தின் உடை. ஆக, துக்கத்தை இறக்கி வைக்க ஒரு சாதி இன்னொரு சாதியின் முதுகைப் பயன்படுத்திக்கொண்டது. வாங்கிக்கொண்டவர் வீட்டிலும் சாவு விழும். அவர்கள் துணி யாரிடம் போகும் என்று சடங்கு கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. புருஷன் செத்தால் கழிக்கப்படுவது அவனுடைய பொருட்கள் மட்டுமா? அவளுடைய பூ, பொட்டு, வளையல், கலர்ச் சேலை, கடைசியில் தாலி. பிறந்த வீட்டிலிருந்து கோடி வரும். உயிரோடிருக்கிற பெண்ணின் உடைமைகளை எல்லாம் செத்தவனின் உடைமைகளாகக் கணக்குப் பண்ணியிருக்கிறது இந்தச் சடங்கு. விக்டோரியாவும் கறுப்பு உடுத்தினார்தான். ஆனால் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை அவரே சொன்னார். நம் வீட்டுப் பெண்ணை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் எடுத்தார்கள்.

நம் மரபில் இதற்கு எதிரான இழையும் இருக்கிறது. பல வீடுகளில் பண்டிகைக்கு முன்னால் செத்தவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். அம்மாவுக்கு ஒரு சேலை, அப்பாவுக்கு ஒரு வேட்டி. படைத்து முடித்ததும் அதை வீட்டில் ஒருவர் உடுத்திக்கொள்வார். இங்கே துணி கீழே இறங்கவில்லை. செத்தவருக்கும் இருப்பவருக்கும் நடுவே கைமாறுகிறது. தீட்டு என்ற சொல்லுக்கு இதில் வேலையே இல்லை.

4

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம். காலையில் வந்த அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற ஊர்களில் ஆளோடு வீடும் போனது, வீட்டோடு பெட்டியும் போனது. செத்தவரின் பொருளை என்ன செய்வது என்று யோசிக்கக்கூடப் பொருள் மிஞ்சாத துக்கம் இது. ஒரு போட்டோ இல்லை, ஒரு ரேஷன் கார்டு இல்லை. பதினெட்டாம் நாள் போகி வந்தது. பழசைக் கொளுத்து என்று நாட்காட்டி சொன்னது. கொளுத்துவதற்குப் பழசு எங்கே?

அப்போதுதான் லாரி லாரியாகத் துணி வந்தது. நல்ல மனசோடு அனுப்பியவர்கள் நிறைய பேர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி உடுத்திக் கழித்த பழந்துணி. மீனவர்கள் அதை வாங்க மறுத்தார்கள். நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. 'கொடுத்தா வாங்கிக்க மாட்டேங்கறாங்க, என்ன திமிர்' என்று நகரத்தில் பேசிக்கொண்டார்கள். நேற்றுவரை உழைத்துச் சம்பாதித்தவர்கள், ஊரே சாவு வீடாகக் கிடக்கும்போது அடுத்தவர் கழித்த துணியை உடுத்த மறுத்ததைத் திமிர் என்று வாசிப்பது யாருடைய வாசிப்பு? கழித்த துணி கீழே போக வேண்டும் என்று பழகிய கண்ணின் வாசிப்பு அது. தங்கள் துக்கத்துக்குள் அந்தப் பழைய ஏணியை நுழையவிட மாட்டோம் என்று சொன்ன செயலாகத்தான் அந்த மறுப்பை நான் படிக்கிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிணங்களை அகற்ற வெளியூர் நகராட்சிகளிலிருந்து கூட்டி வந்த துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நிவாரண முகாம்களிலும் விநியோகத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவாகியிருக்கிறது. அலை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போன பிறகும் ஏணி நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு படியில் நின்று மறுத்தவர்கள் அடுத்த படியைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

5

சாவு வீடுகளுக்குப் போய் வருகிற நாம், இயக்கத் தோழர்கள் உட்பட, காரியம் முடிவதற்குள் அலமாரியைக் காலி பண்ணச் சொல்லி அவசரப்படுத்துகிறோம். பண்டிகை பக்கத்தில் என்றால் இன்னும் அவசரம். 'வச்சிருந்தா அழுதுக்கிட்டே இருப்பாங்க' என்கிறோம். அழட்டுமே. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது, எப்போது என்பதைச் சொல்ல வேண்டியது அந்தப் பொருளோடு வாழ்ந்தவர். அது அநேகமாக ஒரு பெண்தான். அவளிடம் கேட்காமல் அவள் கழுத்துக்கும் கைக்கும் போகிற விரல்களை நிறுத்துவது முதல் வேலை.

கொடுப்பதாக முடிவானால், யாருக்கு, எந்த உறவில் என்று யோசிக்க வேண்டும். சிநேகிதருக்குச் சட்டை, பேத்திக்குச் சேலை, படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் என்று பெயர் சொல்லிக் கொடுப்பதும், மூட்டை கட்டி 'யாராவது ஏழைக்குக் கொடுத்துடுங்க' என்பதும் ஒன்றல்ல. நாம் நேசித்தவர் உடுத்திய துணியை நம் தோளில் போட்டுக்கொள்ள நமக்கே கூச்சமாக இருந்தால், அதை இன்னொருவர் தோளில் போட நமக்கு என்ன உரிமை?