பாட்டி வீட்டு பாக்குவெட்டிக்கு மவுசு ஏன்? எடைக்குப் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பரணில் கிடக்கும் பழைய பித்தளைப் பாக்குவெட்டியை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? அன்றைய பித்தளை விலை, அவ்வளவுதான். அதையே ஒரு சேகரிப்பாளரிடம் காட்டினால் அவர் எடையைப் பற்றிக் கேட்கவே மாட்டார். கைப்பிடியில் என்ன உருவம் இருக்கு, எந்த ஊரில் செஞ்சது, யார் வீட்டிலிருந்து வந்தது என்றுதான் கேட்பார். இந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் இன்றைய பாக்குவெட்டி சந்தை ஓடுகிறது.

சேலம், நாமக்கல்லுக்கு என்ன தொடர்பு?

சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் பகுதிகள் பாக்குத் தோப்புகளுக்குப் பேர் போனவை. நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் பக்கம் காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால்கள். பாக்கும் வெற்றிலையும் பக்கத்துப் பக்கத்தில் விளையும் மண் இது. அதனால் வெற்றிலைப் பெட்டி, சுண்ணாம்புக் குப்பி, பாக்குவெட்டி மூன்றும் இங்குள்ள பழைய வீடுகளின் திண்ணையில் சேர்ந்தே இருந்தன.

பிறகு ஏன் காணாமல் போச்சு?

மூன்று காரணங்கள். ஒன்று, கடையிலேயே நறுக்கிய சீவல் பாக்கெட்டில் வர ஆரம்பித்தது. கொட்டைப்பாக்கை வீட்டில் வெட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போனது.

இரண்டு, எவர்சில்வர். சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்பதே ஒரு பெயராகிவிட்ட காலத்தில், பழைய பித்தளையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவது தமிழ்நாடு முழுக்க வழக்கமாக இருந்தது. அண்டா, குண்டாவோடு பாக்குவெட்டியும் தராசில் ஏறியது.

மூன்று, உடல்நலம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத பாக்குமே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2003-ல் வகைப்படுத்தியது. மெல்லும் பழக்கம் குறைந்தது. விசேஷ வீட்டுத் தாம்பூலத் தட்டில் மட்டும் பாக்கு மிச்சம்.

பயன்பாடு போனால் மதிப்பு எப்படி வரும்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஒயின் பாட்டிலின் தக்கையைத் திருகி எடுக்கும் கார்க் ஸ்க்ரூ ஒரு காலத்தில் சாதாரண வீட்டுச் சாமான். இன்று அது ஏலத்தில் போகிறது. அதைச் சேகரிப்பவர்களுக்கென்றே 1974-ல் ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கப்பட்டது.

பாக்குவெட்டிக்கும் பெரிய ரசிகர்கள் உண்டு. போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கணித மேதை சாமுவேல் ஐலன்பெர்க் அவர்களில் ஒருவர். அவர் சேர்த்த பாக்குவெட்டிகளைப் பற்றி 1990களின் தொடக்கத்தில் தனிப் புத்தகமே வந்தது. நம் நாட்டில் புனே ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்திலும், அகமதாபாத் விஷாலா வளாகத்தில் உள்ள பாத்திர அருங்காட்சியகத்திலும் விதவிதமான பாக்குவெட்டிகளைப் பார்க்கலாம்.

சந்தை எப்படி மாறியது?

முன்பு வழி ஒன்றுதான். வீட்டிலிருந்து பழைய பாத்திரக்காரர், அவரிடமிருந்து காரைக்குடி போன்ற ஊர்களின் பழம்பொருள் கடை, அங்கிருந்து சேகரிப்பாளர். விலை ஒவ்வொரு கையிலும் ஏறும். விற்ற வீட்டுக்காரருக்குக் கடைசி விலை தெரியவே தெரியாது.

இப்போது ஈபே, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் பாக்குவெட்டி இருக்கு. இதனால் இரண்டு விஷயம் நடந்தது. வீட்டுக்காரரே நேரடியாக விற்க முடிகிறது. அதே சமயம், 'அபூர்வம்' என்று நினைத்த மாடல் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. சாதாரண இரும்புப் பாக்குவெட்டிக்குப் பெரிய விலை எதிர்பார்க்க முடியாது. நல்ல வேலைப்பாடு உள்ளதற்குத்தான் போட்டி.

எதற்கு மதிப்பு அதிகம்?

கிளி, மயில், அன்னம், குதிரை, யாளி, மனித உருவம் என்று கைப்பிடியோ உடலோ வடிக்கப்பட்டவை, வெள்ளிக் கம்பி பதித்தவை, பித்தளை உடலில் இரும்பு அலகு பொருத்தியவை முன்னால் நிற்கும். அலகும் ஆணியும் பழையதாகவே இருக்க வேண்டும். குடும்பப் பெயரோ ஊர்ப் பெயரோ பொறித்திருந்தால் இன்னும் நல்லது.

நம்மில் பலர் செய்யும் தவறு, விற்பதற்கு முன் புளி போட்டுப் பளபளவெனத் தேய்ப்பது. பல ஆண்டுகளாகப் படிந்த கருமைதான் பழமைக்கு அடையாளம். அது போனால் விலையும் போகும். அலகைச் சாணை பிடிப்பதும் வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிஜமாகப் புழங்கிய பாக்குவெட்டியில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. விரல் படும் இடம் வழுவழுப்பாகவும், அலகின் நடுப்பகுதி அதிகம் தேய்ந்தும், மூட்டு ஆணி கொஞ்சம் தளர்ந்தும் இருக்கும். உடல் முழுக்க ஒரே சீராகப் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அமிலம் போட்டுப் பழசாக்கியதாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-ன்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருளும் தொல்பொருளாகக் கருதப்படலாம். சாமி சிலை மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது.

* குடும்பப் பாக்குவெட்டியை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல.
* தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும்.
* தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. பார்சலில் ஒரே ஒரு பொருள் அனுப்பினாலும் இது பொருந்தும்.
* பொருள் தொல்பொருளா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் முடிவு இந்தியத் தொல்லியல் துறையுடையது. 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழையும் அந்தத் துறைதான் தரும்.
* தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்தால் கதை வேறு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

விற்கும் முன் என்ன செய்யலாம்?

நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும், மூட்டையும் படம் எடுங்கள். நீளத்தையும் எடையையும் குறித்து வையுங்கள். யார் பயன்படுத்தியது, எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் 'கேட்கும் விலை'யை நம்பாமல், விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

'லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் அப்படியே விலகிவிடுங்கள். பழைய நாணயம், நோட்டு விஷயத்தில் தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்டு ஏமாற்றுவதாக ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. வாங்க வருபவர்தான் பணம் தர வேண்டும், விற்பவர் அல்ல.