சிசுவின் மெத்தையும் சுங்கத்தின் அளவுகோலும்

கந்தளாயிலும் தம்பலகாமம், கிண்ணியா முதலான அயற்பிரதேசங்களிலும் ஒரு காலத்தில் பிறந்த குழந்தைக்குப் பழைய சேலையில் கட்டிய ஏணையும் இலவம் பஞ்சுத் தலையணையுமே போதுமானவையாக இருந்தன. இன்று அந்த இடத்தைப் பொலித்தீன் உறையில் அடைக்கப்பட்ட இறக்குமதிப் படுக்கைத் தொகுதிகள் பிடித்துக்கொண்டுள்ளன. சிறு மெத்தை, தலையணை, இரு பக்க அணைகள், குடைபோல் விரியும் நுளம்பு வலை என்பன அவற்றில் அடங்கும். இவற்றின் விலை உயரும்போது பெற்றோர் கடைக்காரரைக் குறை கூறுவது வழக்கம். ஆனால், அந்த விலையின் கணிசமான பகுதி கடைக்கு வருவதற்கு முன்னரே, சுங்கத்தில் எழுதப்படும் ஓர் எட்டு இலக்க எண்ணினால் தீர்மானிக்கப்பட்டு விடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகமான திருகோணமலை கந்தளாயிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. எனினும், இத்தகைய நுகர்பொருட்களை ஏற்றிய கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்திலேயே இறக்கப்படுகின்றன. அங்கிருந்து புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் ஊடாகவே அவை கிழக்குக்கு வந்து சேர்கின்றன. ஆகவே, கொழும்பில் விதிக்கப்படும் தீர்வையுடன் போக்குவரத்துச் செலவையும் இடைத்தரகர் இலாபத்தையும் சுமப்பவர் இங்குள்ள நுகர்வோரே.

பொருட்களை வகைப்படுத்துவதற்கு இலங்கைச் சுங்கம் பின்பற்றுவது, உலக சுங்க அமைப்பின் 'எச்.எஸ்.' எனப்படும் ஒத்திசைவு முறையாகும். 1983ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகரில் இணங்கப்பட்ட சமவாயத்தின் கீழ் 1988 ஜனவரி 1ஆம் திகதி இது நடைமுறைக்கு வந்தது. இதன் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தனது தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்த்துக் கொள்ளலாம். இலங்கை எட்டு இலக்கங்களைப் பயன்படுத்துகிறது.

இம்முறையில் 'குழந்தைப் படுக்கை' என்றொரு தலைப்புக் கிடையாது. யார் பயன்படுத்துவார் என்று பாராமல், பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையே சட்டம் நோக்குகிறது. பஞ்சு முதலியவற்றால் உள்ளே நிரப்பப்பட்ட அல்லது ஸ்பொஞ்சினால் ஆன மெத்தை, தலையணை, பஞ்சணை ஆகியன 9404 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. நிரப்பப்படாத சாதாரண போர்வை 6301, படுக்கை விரிப்பும் தலையணை உறையும் 6302, நுளம்பு வலை 6304, கட்டில் 9403 என அவை பிரிந்து செல்கின்றன. கைகளை நுழைக்கும் துளைகள் கொண்ட உறக்கப் பை ஆடையா, படுக்கையா என்ற வினாவும் எழுகிறது.

இவை யாவும் ஒரே உறைக்குள் விற்பனைக்கு வரும்போது சிக்கல் அதிகரிக்கிறது. சில்லறை விற்பனைக்கென ஒன்றாகப் பொதிசெய்யப்பட்ட தொகுதியை, அதற்கு அடிப்படைத் தன்மையைக் கொடுக்கும் பொருளின் தலைப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அவ்வாறு தீர்மானிக்க இயலாவிடின், பொருந்தக் கூடிய தலைப்புகளுள் எண் வரிசையில் இறுதியாக வருவதைக் கொள்ள வேண்டும். தொகுதிக்கு அடிப்படைத் தன்மையைக் கொடுப்பது மெத்தையா, வலையா என்பதில் இரு அதிகாரிகள் இரு வேறு கருத்துக் கொள்ள இடமுண்டு.

இது வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. தலைப்பு மாறினால் தீர்வை வீதம் மாறக்கூடும். 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகவுள்ள பெறுமதி சேர் வரி, பொருளின் பெறுமதியுடன் ஏனைய அறவீடுகளையும் கூட்டிய தொகையின் மீதே கணிக்கப்படுவதால், தீர்வையின் சிறு உயர்வும் பெருகியே நுகர்வோரை அடைகிறது. 2022 ஆகஸ்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது சுமார் 300 பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட வேளையிலும், எது வரலாம், எது வரலாகாது என்பதை இக்குறியீடுகளே நிர்ணயித்தன.

பயன்பாட்டை நோக்கி வகைப்படுத்துவது இயலாத காரியம் என்று கூறுவதற்கில்லை. சிசுக்களின் அணையாடைகள் முன்னர் கடதாசி, துணி என மூலப்பொருளுக்கேற்ப வெவ்வேறு தலைப்புகளில் சிதறிக் கிடந்தன. 2012ஆம் ஆண்டின் திருத்தம், எப்பொருளால் ஆனதாயினும் அவற்றையும் பெண்களுக்கான சுகாதார அணையாடைகளையும் 9619 என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டு வந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம், பூச்சிகொல்லி ஊட்டப்பட்ட குறித்த சில நுளம்பு வலைகளுக்குத் தனி உபதலைப்பை வழங்கியது. நமது நாட்டிலேயே 2018 செப்டெம்பரில் சுகாதார அணையாடைகள் மீதான செஸ் வரி நீக்கப்பட்டது. 100 சதவீதத்தைத் தாண்டியிருந்த அவற்றின் மொத்த வரிச்சுமை அதனால் கணிசமாகக் குறைந்தது. பொதுமக்களின் குரலே அதற்கு வழிவகுத்தது.

ஆகவே, பொதுவான ஆறு இலக்கங்களைத் தொடாமல், 9404, 6301, 6302, 6304 ஆகிய தலைப்புகளின் கீழ்ச் சிசுக்களுக்கான தேசிய உபபிரிவுகளை ஏற்படுத்தி, அவை அனைத்துக்கும் ஒரே குறைந்த வீதத்தை நிர்ணயிப்பது நடைமுறைச் சாத்தியமானதே. பெரியவர்களின் தலையணைகள் குழந்தைப் பொருளெனக் காட்டப்பட்டு அரச வருமானம் இழக்கப்படும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால், குழந்தை ஆடைகளுக்கு 86 சென்ரிமீற்றர் உடல் உயரம் வரையறையாக உள்ளதைப் போல, மெத்தைக்கும் போர்வைக்கும் நீள அகலத்தை வரையறுத்தால் அந்த அச்சத்தைத் தவிர்க்கலாம். உள்ளூர் மெத்தை உற்பத்தியாளர்கள் பாதிக்கப்படாதவாறு, அவர்கள் பயன்படுத்தும் மூலப்பொருட்களுக்கும் அதே சலுகை வழங்கப்பட வேண்டும்.

சலுகை கண்மூடித்தனமாகவும் அமைதல் கூடாது. சிசுக்கள் உறுதியான, சமதளமான படுக்கையில், மிருதுவான அணைகள் இன்றி உறங்குவதே பாதுகாப்பானது என்பது மருத்துவ ஆலோசனை. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சணைகளை அமெரிக்கா 2022ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் தடை செய்தது. எனவே வரிச் சலுகை உறுதியான மெத்தைக்கும் விரிப்புக்கும் நுளம்பு வலைக்கும் உரியதாக இருக்கலாம். ஆபத்தான அலங்காரப் பஞ்சணைகளுக்கு அது தேவையற்றது.

இறக்குமதியாளருக்கும் கடமையுண்டு. பட்டியலில் 'குழந்தைப் பொருட்கள்' என்று மட்டும் எழுதுவது தகராறுக்கு வித்திடும். துணியின் வகை, நிரப்பிய பொருள், அளவு, தொகுதியின் உள்ளடக்கம் ஆகியன தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, பொருள் வருவதற்கு முன்னரே அதன் வகைப்படுத்தல் குறித்த தீர்மானத்தைச் சுங்கத்திடம் எழுத்து மூலம் கோருவதற்கு வழிசெய்கிறது. இலங்கை இவ்வுடன்படிக்கையை 2016இல் ஏற்றுக்கொண்டது. உண்மை விபரங்களை முழுமையாக வெளிப்படுத்திய ஒருவரின் கருத்து வேறுபாட்டையும், வேண்டுமென்றே செய்யப்படும் மோசடியையும் சுங்கம் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

இத்தகைய தீர்மானங்கள் தமிழிலும் வெளியிடப்படுவது இன்றியமையாதது. கிழக்கின் சிறு வியாபாரி தரகரை மட்டுமே நம்பியிருக்கும் நிலையும், மத்திய கிழக்கில் உழைத்துத் தம் குடும்பத்துக்குப் போர்வைகளையும் குழந்தைப் பொருட்களையும் அனுப்புவோர் விதிகளை அறியாது தடுமாறும் நிலையும் அதனால் மாறும். பேச வராத சிசுவுக்காகச் சட்டம்தான் பேச வேண்டும். வரவு செலவுத் திட்ட முன்மொழிவுகள் தயாராகும் வேளையில் நிதியமைச்சும், வன்னியிலும் கிழக்கிலும் மலையகத்திலுமிருந்து தெரிவாகும் மக்கள் பிரதிநிதிகளும் இச்சிறு விடயத்தில் கவனம் செலுத்துவார்களாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலும் அதன் பயன் உணரப்படும்.