வெளியேற்றும் பயிற்சியும் திருப்பி அனுப்பும் பயிற்சியும்: 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு குறித்து

பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களுக்கான பயிற்சித் திட்டங்களைப் பற்றி அண்மையில் எழுதியோர் பலர், ஒரு முடிவை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தொடங்குகின்றனர். மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘பயிற்சி’ என்று சொல்வதில், அதே தொழிலைப் பாதுகாப்பாகச் செய்வதற்கான பயிற்சியும் அடங்கும் என்பது அம்முடிவு. சாக்கடைத் துப்புரவை இயந்திரமயமாக்க 2023இல் வந்த நமஸ்தே திட்டத்தை இச்சட்டத்தின் இயல்பான வளர்ச்சி என்று அவர்கள் கொள்வதும் இதனால்தான். சட்டத்தைச் சொல் சொல்லாகப் படித்தால் இந்த வாசிப்பு நிற்காது என்றே எனக்குப் படுகிறது.

சிக்கல், மறுவாழ்வைப் பற்றிய 13ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில், நான்காவது ஐந்தாவது கூறுகளில் இருக்கிறது. கைத் துப்புரவாளராக அடையாளம் காணப்பட்டவருக்கு, அல்லது அவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்காவது, தகுதிக்கும் விருப்பத்துக்கும் உட்பட்டு, ஒரு வாழ்வாதாரத் திறனில் பயிற்சி தரவேண்டும். பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் தரவேண்டும். இது நான்காவது கூறு. மாற்றுத் தொழில் தொடங்க மானியமும் சலுகைக் கடனும் தரவேண்டும் என்பது ஐந்தாவது. ‘மாற்று’ என்ற சொல் ஐந்தாவதில் உண்டு, நான்காவதில் இல்லை. எதிர்வாசிப்பின் பலமெல்லாம் இந்த ஒரு சொல் இல்லாததில்தான் இருக்கிறது.

அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓரிடத்தில் இட்ட சொல்லை அடுத்த இடத்தில் விட்டிருந்தால், அப்படி விட்டதற்கும் பொருள் தேடுவதே சட்ட வாசிப்பின் வழக்கம். ஆனால் அதே கூறில் உள்ள மற்றச் சொற்களையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டுமல்லவா? தொழிலாளி பயிற்சி பெறாவிட்டால் அவர் மனைவியோ மகனோ மகளோ பெறலாம் என்கிறது சட்டம். பயிற்சி என்பது குழிக்குள் இறங்குவோருக்கான பாதுகாப்புப் பாடம் என்றால், குழியில் இறங்காத மகளுக்கு அது எதற்கு? எதிர்வாசிப்பை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், அடுத்த தலைமுறையை அரசுச் செலவில் இத்தொழிலுக்குப் பழக்குவதற்குச் சட்டம் வழிவகுக்கிறது என்று சொல்ல நேரும். அதை யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். குடும்பமே இத்தொழிலை விட்டு வெளியேற வேண்டும் என்று கொண்டால்தான் அந்தச் சொற்றொடருக்குப் பொருள் கிடைக்கிறது.

உதவித்தொகையும் இதையே காட்டுகிறது. வேலையில் இருந்துகொண்டே பாதுகாப்புப் பாடம் கேட்பவருக்கு மாதக் கணக்கில் பிழைப்பூதியம் தேவைப்படாது. வேலையை விட்டுவிட்டு வேறொன்றைக் கற்பவருக்குத்தான் அது தேவை. இச்சட்டத்தையொட்டிய மறுவாழ்வுத் திட்டத்தில் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுவரை காலம் ஒதுக்கப்பட்டதும் அதனால்தான்.

இன்னும் வலுவான சான்று சட்டத்தின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனங்கள் தராமல், முன்னெச்சரிக்கைகள் கடைப்பிடிக்கப்படுவதை உறுதிசெய்யாமல், ஒருவரைச் சாக்கடையையோ மலக்குழியையோ கையால் சுத்தம் செய்யவைப்பதே ‘அபாயகரமான சுத்தம் செய்தல்’. ஏழாம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. ஆக, பாதுகாப்பு ஏற்கெனவே வேலை கொடுப்பவரின் கடமை. அதையே 13ஆம் பிரிவில் மறுவாழ்வு என்ற பெயரில் மீண்டும் எண்ணினால், ஒரு கடனைக் கொடுத்துவிட்டு இரண்டு கடன் தீர்ந்ததாகக் கணக்கு எழுதுவதாகும்.

இரண்டாம் பிரிவில் ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு. அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் மலம் அகற்றுபவர், சட்டம் குறிப்பிடும் கைத் துப்புரவாளர் ஆகமாட்டார் என்கிறது அது. இதன் விளைவு போதிய அளவு கவனிக்கப்படவில்லை. கையுறையும் காலணியும் தந்து, பயிற்சியும் தந்துவிட்டால், அவர் வரையறைக்கு வெளியே போய்விடுகிறார்; 13ஆம் பிரிவு தரும் உரிமைகளும் அவரை விட்டுப் போகக்கூடும். வேலை அதே வேலை, குழி அதே குழி.

பாதுகாப்புப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடியைத் திறந்ததும் கரப்பான்பூச்சிகள் உயிரோடு ஓடினால் இறங்கலாம் என்பது தொழிலாளர்களிடையே வழங்கும் கணக்கு. அது பாதிதான் சரி. மேலே காற்று இருப்பதை அது காட்டும். கீழே கசடைக் கிளறியதும் வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டாது. அந்த வாயு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடியதும் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நொடிதான் மிக ஆபத்தானது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் சேர்ந்து இறப்பது இதனால்தான். இந்த அறிவு ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரியது. ஆனால் அது வேலை கொடுப்பவர் தரவேண்டியது. மறுவாழ்வுக் கணக்கில் சேராது.

இயந்திரம் இயக்கும் பயிற்சி மாற்றுத் தொழில்தானே என்று கேட்கப்படும். குறுகிய சந்துகளில் நுழையும் சிறிய ஜெட்டிங் வண்டிகளை ஐதராபாத் 2017இல் இறக்கியது நல்ல முன்னேற்றம்தான். இருப்பினும் நமஸ்தே கணக்கெடுப்பில் 2024வரை விவரம் திரட்டப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில், பட்டியல் சாதியினர் மட்டும் சுமார் 69 விழுக்காடு. கருவி மாறினாலும், அதே சாதிகளே அதே சாக்கடையோரம் நிற்கவேண்டியிருந்தால் அதை மாற்று என்று அழைக்கத் தயக்கமாக இருக்கிறது. தொழிலாளர்களே இவ்வேலையை விரும்புகிறார்கள் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: வேறு எதையும் முன்வைக்காமல் கேட்டறிந்த விருப்பம், சட்டம் சொல்லும் விருப்பம் ஆகாது.

சாக்கடைத் தொழிலாளர்களுக்கு 13ஆம் பிரிவு பொருந்துமா என்ற ஐயமும் இப்போது பெரிதும் நீங்கிவிட்டது. பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. திறன் பயிற்சி உள்ளிட்ட முழு மறுவாழ்வும் சாக்கடைத் தொழிலாளர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. வாரிசுக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு சேர்த்தே அத்தீர்ப்பு பயிற்சியைச் சொல்கிறது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அது வெளியேறும் வழியாகத்தான் தெரிகிறது.

பயிற்சித் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முடித்தவர் அடுத்த ஆண்டு என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் வீட்டுக்கே போய்க் கேளுங்கள்.