இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்குகளின் வானிலைச் சிதைவு

வெயில், மழை, ஈரக்காற்று, வெப்பநிலை ஏற்ற இறக்கம் ஆகியவற்றுக்கு நெடுங்காலம் ஆளாகும் பிளாஸ்டிக் கூட்டுப்பொருள்களின் தோற்றமும் வலிமையும் படிப்படியாக மாறுவதே வானிலைச் சிதைவு. கண்ணாடி, கார்பன், அராமிட் இழைகளைப் பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எப்பாக்சி போன்ற ரெசின்களில் பதித்து உருவாக்கும் இப்பொருள்கள் தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, காற்றாலை இறக்கை, விமான உடல் எனப் பலவற்றில் பயன்படுகின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரையில் வேகமாகப் பெருகிய ‘ஃபைபர் படகு’ம் கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து உருவானதே.

இழுவிசையைப் பெரும்பாலும் இழைகள் தாங்குகின்றன. அவற்றைப் பிணைத்து நிறுத்தி, விசையை ஓர் இழையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவது ரெசின். வானிலை பெரும்பாலும் தாக்குவது ரெசினையும், அது இழையோடு ஒட்டும் இடைப்பரப்பையும்தான். ஆகவே எல்லா வகை வலிமையும் ஒரே அளவில் குறைவதில்லை.

வெயிலின் தாக்கம்

நிலத்தை எட்டும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் ரெசினின் வேதிப்பிணைப்புகளை முறிக்கின்றன. பரப்பு மஞ்சளாகி, பளபளப்பு இழந்து, வெண்தூள் பூத்தாற்போல் வெளுக்கிறது. பிறகு இழைகள் வெளியே தலைகாட்டும். அந்நிலையில் பலகையைத் தடவினால் கை அரிக்கும். ஆயினும் இச்சேதம் பெரும்பாலும் மேற்பரப்பின் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுகிறது. தடித்த பலகையின் வலிமை இதனால் அதிகம் குறையாது. மெல்லிய தகட்டில் இழப்பு தெளிவாகத் தெரியும். வளையும்போது வெளிப்பரப்பே அதிகத் தகைவைத் தாங்குவதால், அங்குள்ள நுண்வெடிப்புகள் முறிவுக்குத் தொடக்கமாகலாம். அராமிட் இழை புற ஊதாக் கதிரால் நேரடியாகவே நலிகிறது. கண்ணாடி, கார்பன் இழைகள் அவ்வாறு நலிவதில்லை.

ஈரத்தின் தாக்கம்

நீர் விரவல் முறையில் உள்ளே புகுகிறது. தடிமன் இரு மடங்கானால் ஈரம் நிறைய நான்கு மடங்கு காலம் பிடிக்கும். உறிஞ்சிய நீர் ரெசினை இளக்கி, அது விறைப்பிழந்து மென்மையாகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைத் தாழ்த்துகிறது. உலர்ந்தால் இம்மாற்றம் பெருமளவு மீளும். பாலியெஸ்டரின் எஸ்டர் பிணைப்புகள் நீராற்பகுப்பில் உடைவதும், இழையிலிருந்து ரெசின் பிரிவதும் மீளாதவை. நீரில் மூழ்கிக் கிடக்கும் படகுகளில் ஜெல் கோட் எனும் வெளிப்புற ரெசின் பூச்சின் அடியே சவ்வூடு பரவலால் கொப்புளங்கள் எழுவதுண்டு. குத்தினால் வினிகர் வாடையுள்ள நீர் கசியும்.

வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கும்போது சேதம் விரைவுபடுகிறது. ஒளியால் சிதைந்த மேலடுக்கை மழை கழுவிச் செல்ல, புதிய பரப்பு வெயிலுக்குத் திறந்துகொள்கிறது.

வலிமை இழப்பின் தன்மை

இழைத் திசையிலான இழுவலிமை மிகக் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. அமுக்க வலிமையும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் தடுக்கும் வலிமையும் கூடுதலாகக் குறைகின்றன. அமுக்கத்தில் இழைகள் மடங்காமல் பக்கவாட்டில் தாங்கிப்பிடிப்பது ரெசினே. அது இளகினால் இழையின் வலிமை முழுமையாகப் பயன்படாது. ஈரமும் வெப்பமும் ஒன்றுசேரும் நிலை அமுக்க வலிமைக்கு மிகக் கடுமையானது.

தகுந்த ரெசினும் வேலைப்பாடும் அமைந்தால் இழப்பு சிறிதே. அமெரிக்கக் கடற்படையின் ‘ஹாஃப்பீக்’ நீர்மூழ்கிக் கப்பலில் 1954இல் பொருத்திய கண்ணாடியிழை மேற்கட்டு உறையை 11 ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, அதன் வலிமை பெரும்பாலும் குறையாமலே இருந்தது.

சோதனையும் பாதுகாப்பும்

ஆய்வகங்களில் செனான் விளக்கு அல்லது புற ஊதா ஒளிர்விளக்கின் கீழ் ஒளியும் ஈரமும் மாறி மாறிச் செலுத்திச் சிதைவை விரைவுபடுத்துகின்றனர். ஐ.எஸ்.ஓ. 4892, ஏ.எஸ்.டி.எம். ஜி154 ஆகியவை இதற்கான தரமுறைகள். சோதனை மணிக்கணக்கை நேரடியாக வெளிப்புற ஆண்டுக்கணக்காக மாற்ற இயலாது. ஏனெனில் இடத்துக்கிடம் வெயிலும் ஈரமும் வேறுபடும்.

ஜெல் கோட், பெயின்ட், புற ஊதா தடுப்புச் சேர்மங்கள், கார்பன் கரி நிறமி ஆகியவை ஒளியைத் தடுக்கின்றன. வினைல் எஸ்டர் அடுக்கு நீர் புகுவதைக் குறைக்கிறது. இழைமீது பூசும் சிலேன் எனும் இணைப்புச் சேர்மம் ரெசினோடான பிணைப்பைக் காக்கிறது. வெட்டிய விளிம்பிலும் துளையிட்ட இடத்திலும் இழைமுனைகள் வழியே நீர் எளிதில் புகுவதால் அங்கும் ரெசின் பூச வேண்டும். விமான வடிவமைப்பில், ஈரம் நிறைந்த மாதிரிகளை உயர் வெப்பநிலையில் சோதித்துப் பெறும் குறைந்த வலிமையையும் கணக்கில் கொண்டே பாகங்களின் தடிமன் முடிவாகிறது.