ஒரு செருமானியச் சொல்லும் சமூகவியலின் இரு நோக்குகளும்

சமூகவியலின் தொடக்க நூல்கள் செயற்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு இடைவினையியல் என முதன்மையான மூன்று நோக்குகளை வகுத்துரைக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் தேரும் ஒரு சொல், மூல ஆசிரியரை இவற்றுள் ஒன்றன்பால் சாய்த்துவிடக் கூடும். மாக்ஸ் வெபர் ஆண்ட 'ஹெர்ஷாஃப்ட்' என்னும் சொல் இதற்குச் சான்றாகும்.

வெபர் 1920இல் மறைந்தபின் வெளிவந்த 'பொருளாதாரமும் சமூகமும்' என்னும் நூலில் இரு கருத்துகள் வேறுபடுத்தப்படுகின்றன. எதிர்ப்பிருப்பினும் தன் விருப்பத்தை நிறைவேற்றும் வாய்ப்பு 'மாக்ட்'. குறித்த ஆணைக்குக் கீழ்ப்படிவு கிடைக்கும் வாய்ப்பு 'ஹெர்ஷாஃப்ட்'.

செயற்பாட்டியத்தின் முன்னோடியான டால்காட் பார்சன்சும் ஹெண்டர்சனும் 1947இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கத்தில், பின்னதனை 'ஆணைவழி ஒருங்கிணைப்பு' எனப் பொருள்படும் தொடரால் பெயர்த்தனர். இதில் சமூக ஒழுங்கு முன்னிற்கிறது, ஆள்வோன் மறைகிறான். ரோத், விட்டிச் ஆகியோரின் 1968ஆம் ஆண்டுப் பதிப்போ 'டாமினேஷன்' என்றது. இதில் ஏற்றத்தாழ்வு முன்னிற்கிறது. வரையறை ஒன்றே, தோன்றும் வெபர் இருவர்.

ஆங்கில வழியே பெயர்க்கும் தமிழர்க்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. 'அதிகாரம்' என்னும் நம் வழக்குச்சொல் 'மாக்ட்', 'ஹெர்ஷாஃப்ட்' இரண்டையும் தழுவி, வெபரின் வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. 'ஆதிக்கம்' கண்டனக் குறிப்புடையது. 'ஆள்' என்னும் வினையடியாகப் பிறந்த 'ஆட்சி' ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் ஒருங்கே உணர்த்தும். அரசாங்கம் என்று மட்டும் கொள்ளப்படும் இடர் அதற்குண்டு எனினும், அதனை ஓர் அடிக்குறிப்பால் நீக்கலாம். அழிந்த வேறுபாட்டை அடிக்குறிப்பால் மீட்டல் அரிது.